வார்டில் பாடம் சொல்லும் பி.ஜி.க்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தில் எம்.பி.பி.எஸ். இடங்கள் எத்தனை கூடின, எந்த மாவட்டத்துக்குப் புதிய கல்லூரி வந்தது, கட்-ஆஃப் எவ்வளவு என்ற செய்திகள் ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது வந்த செய்திகளை நானும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் அந்த இடங்களில் சேரும் பிள்ளைகளுக்கு, வார்டு போஸ்டிங், அதாவது வார்டுகளில் முறைவைத்துப் பயிலும் காலம், தொடங்கிய பிறகு, நோயாளியின் கட்டிலருகே நின்று பாடம் சொல்பவர் யார், அவர் பாடம் சொல்ல எங்கே கற்றார் என்ற கேள்வியை யாரும் எழுப்பி நான் பார்த்ததில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், சற்று நீளமாகவே எழுத நேர்ந்துவிட்ட இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

மருத்துவக் கல்லூரி என்றதும் வெளியில் இருப்பவர்களின் கண்முன் வருவது, வெள்ளைக் கோட்டு மாணவர்கள் புடைசூழப் பேராசிரியர் கட்டில் கட்டிலாக நடந்து வரும் காட்சி. அது நடக்காமல் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் நடக்கும். மற்ற நாட்களில், காலை ஒன்பது மணிக்கு இருபது மாணவர்கள் வார்டுக்குள் வரும்போது, சீஃப் என்று நாங்கள் அழைக்கும் யூனிட்டின் தலைமைப் பேராசிரியர் புறநோயாளிப் பிரிவில் இருப்பார், அல்லது டீன் அறையில் கூட்டத்தில் இருப்பார், அல்லது என்றோ கையெழுத்திட்ட ஒரு சான்றிதழுக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் போயிருப்பார். உதவிப் பேராசிரியரை அவசரப் பிரிவிலிருந்து அழைத்திருப்பார்கள். வார்டில் மிஞ்சியிருப்பவர் பி.ஜி. என்று எல்லோரும் அழைக்கும் முதுநிலை மாணவர்தான். முந்தைய நாள் அட்மிஷன் டியூட்டி பார்த்து, இரவு கண்மூடாமல், முப்பது கேஸ் ஷீட்டுகளில் எழுத வேண்டியதை எழுதி, ஸ்கேன் அறைக்கும் ரத்த வங்கிக்கும் நடையாய் நடந்துகொண்டிருக்கும் 26 அல்லது 27 வயது டாக்டர் அவர். “ஏம்ப்பா, பசங்களுக்கு ஒரு கேஸ் டிஸ்கஸ் பண்ணிடு” என்று அவரிடம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். எங்கள் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எத்தனை நூறு முறை இப்படிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எப்படி டிஸ்கஸ் பண்ண வேண்டும் என்று ஒருமுறைகூட ஒருவருக்கும் நான் சொல்லித் தந்ததில்லை.

இது வெறும் வழக்கம் மட்டும் என்றால்கூட விட்டுவிடலாம். சட்டமே அப்படித்தான் இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் இளநிலை மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் கற்பிக்கும் பணியில் பங்கேற்க வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகளே கூறின. கவுன்சிலின் இடத்துக்கு 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையத்தின் 2023 விதிமுறைகள், முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஆராய்ச்சி முறையியல், நெறிமுறைகள், இதய உயிர்காப்புத் திறன் ஆகிய மூன்றிலும் தனித்தனிப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்கின்றன. மூன்றும் தேவையானவையே. ஆனால் அந்த வரிசையில் கற்பித்தலுக்கு இடமில்லை. ஆய்வேடு எழுதுவதற்குமுன் ஆராய்ச்சி எப்படிச் செய்வது என்று கற்க வேண்டும் என ஒப்புக்கொள்கிறோம். இருபது மாணவர்களுக்கு முன் நிற்பதற்குமுன் அப்படி எதுவும் தேவையில்லை என்று எப்படி முடிவு செய்தோம் என்று தெரியவில்லை.

பேராசிரியர்களின் நிலை இப்படி இல்லை. மருத்துவக் கல்வி முறைகள் குறித்த மூன்று நாள் அடிப்படைப் பயிற்சியை அவர்கள் முடிக்க வேண்டும். பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் அதற்கென்று ஒரு மருத்துவக் கல்விப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. போன்ற மையங்கள் பல ஊர் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளிக்கின்றன. புதுச்சேரி ஜிப்மரின் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் 1970-களிலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. நானும் பயிற்சிக்குப் போய், மூன்று நாளும் ஃபிளிப் சார்ட்டில் எழுதி, மதியம் நல்ல சாப்பாடு சாப்பிட்டு, சான்றிதழோடு ஊர் திரும்பியவன்தான். அங்கே கற்றதைப் பயன்படுத்த வேண்டிய வார்டு நேரத்தில் பாதிக்கு மேல் பி.ஜி.யின் கையில் இருந்தது. அவருக்கு அந்தச் சான்றிதழும் இல்லை, சாப்பாடும் இல்லை.

சொல்லிக்கொடுக்கத் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மண்ணீரலை வைத்துச் சொல்கிறேன். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில், நாட்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயுடன் ஒரு நடுத்தர வயதுப் பெண் சேர்க்கப்பட்டிருந்தார். மண்ணீரல் தொப்புளைத் தாண்டி வலப்பக்கம் வரை வளர்ந்திருந்தது. ஒரு மாணவர் வந்து, இடது விலா எலும்புகளுக்குக் கீழே நேராகக் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியல சார்” என்றார். அருகில் நின்ற பி.ஜி.க்குக் கோபம் வந்துவிட்டது. “இவ்ளோ பெரிய ஸ்ப்ளீன், இதுகூடத் தெரியலன்னா ஃபைனல் இயர்ல என்ன பண்ணப் போற?” என்று கேட்டு, தானே இரண்டு நொடியில் தொட்டுக் காட்டி, மண்ணீரல் மிகப் பெரிதாக வீங்கும் நோய்களின் பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பித்து, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாணவர் குறிப்பேட்டில் பட்டியலை எழுதிக்கொண்டார். தன் கை ஏன் தவறியது என்பது அவருக்குத் தெரியாமலேயே போயிற்று.

அதே வாரம், அதே நோயாளி, வேறொரு பி.ஜி. இவர் மாணவியைத் தடுக்காமல் முதலில் அவர் செய்வதைப் பார்த்தார். பிறகு நோயாளியிடம், “அம்மா, இந்தப் பொண்ணு ஒரு தடவை கை வைச்சுப் பாக்கட்டுமா? வலிச்சா உடனே சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, அவரை முழங்கால்களைச் சற்று மடக்கிப் படுக்கச் சொன்னார். மாணவியின் வலக்கையை வலப்பக்க அடிவயிற்றில் வைக்கச் செய்தார். நோயாளி மூச்சை இழுக்கும்போது கையை அசைக்காமல் வைத்திரு, விடும்போது ஓர் அங்குலம் இடது விலாவை நோக்கி மேலே நகர்த்து, விளிம்பு தானாக வந்து உன் விரலில் இடிக்கும் வரை இதையே செய் என்றார். மூன்றாவது மூச்சிலேயே இடித்தது. அந்த மாணவியின் முகம் மாறியதை நான் திரைக்கு அப்பாலிருந்து பார்த்தேன். “நேரா விலாவுக்குக் கீழ கை வைச்சா எங்க இருக்கும் உன் கை?” என்று அவர் கேட்க, “ஸ்ப்ளீன் மேலயே இருக்கும் சார், அதான் விளிம்பு கிடைக்கல” என்று பதில் மாணவியிடமிருந்து வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஆனால் மண்ணீரலை வலப்பக்க அடிவயிற்றிலிருந்து தேடுவதை அவர் மறந்திருக்க மாட்டார்.

இவ்விருவரில் முதலாமவர் கெட்டிக்காரர், பதக்கம் வாங்கியவர், பின்னாளில் நோயாளிகள் நம்பித் தேடிப்போகும் நல்ல மருத்துவராகவும் ஆனார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே அவரும் சொல்லிக்கொடுத்தார். இரண்டாமவருக்கும் நாங்கள் எதையும் கற்றுத்தரவில்லை. அவருடைய தாயார் ஆரம்பப் பள்ளி ஆசிரியை என்று பின்னர் கேள்விப்பட்டேன். ஒரு மாநிலத்தின் மருத்துவக் கல்வி, பி.ஜி.யின் வீட்டில் யாராவது ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதை நம்பி நடக்க முடியாது.

கற்பிக்கும் திறமை பிறவியில் வருவது, பட்டறை நடத்தி வரவழைக்க முடியாது என்று என் சக பேராசிரியர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு சிறிய முறையைச் சொல்ல விரும்புகிறேன். நெரிசலான மருத்துவமனையில் சில நிமிடங்களுக்குள் சொல்லித்தருவதற்கென்றே 1992-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட முறை அது. அதில் உள்ளவை ஐந்தே செயல்கள். ஒரு மாணவர், 55 வயது ஆணுக்குக் கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் என்று கேஸ் சொல்லி முடிக்கிறார் என வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாத பி.ஜி. உடனே விரிவுரையைத் தொடங்கிவிடுவார். பழகியவர், “உனக்கு என்னன்னு தோணுது?” என்று கேட்டு மாணவரை ஒரு முடிவுக்கு வரச் செய்வார். மாணவர் சிறுநீரகக் கோளாறு என்கிறார். தவறு என்று சொல்லாமல், “எதை வைச்சு அப்படிச் சொல்ற?” என்பது அடுத்த கேள்வி. மாணவர் வீக்கத்தை மட்டுமே காரணமாகச் சொல்கிறார் என்றால் அவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பது பி.ஜி.க்குத் தெரிந்துவிடும். அப்போது எங்கும் பயன்படும் ஒரே ஒரு விதியைச் சொல்லலாம்: வீக்கம் முதலில் எங்கே தொடங்கியது என்று கேள், காலையில் எழும்போது முகத்திலும் கண்ணைச் சுற்றியும் என்றால் சிறுநீரகத்தையும், மாலையில் காலில் என்றால் இதயத்தையும், வயிறுதான் முதலில் என்றால் கல்லீரலையும் நினை. பிறகு, மாணவர் சரியாகச் செய்த ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘குட்’ என்பது போதாது, “படுத்தா மூச்சு முட்டுதான்னு கேட்ட பார், அது ரொம்ப முக்கியமான கேள்வி” என்று சொல்ல வேண்டும். கடைசியாக, விட்டதைத் திருத்த வேண்டும். கழுத்து நாளத்தைப் பார்க்காமல் இதயத்தை ஒதுக்கக் கூடாது என்று சொல்லி, நோயாளியை 45 பாகையில் சாய்த்துக் காட்டினால் முடிந்தது. இதைக் கற்க ஒரு முற்பகல் போதும். பிறவியில் வருவது ஒன்றிரண்டு இருக்கலாம். இந்த ஐந்தும் பழக்கத்தில் வருபவை.

பாடத்திட்டமும் பி.ஜி.யை முன்பைவிட அதிகமாகவே நம்பி நிற்கிறது. 2019-இல் சேர்ந்த அணியிலிருந்து நடைமுறைக்கு வந்த திறன்சார் கல்வித் திட்டம், மாணவர் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட நோயாளிகளை ஏற்று, சேர்க்கையிலிருந்து வீடு திரும்பும் வரை சிகிச்சைக் குழுவோடு சேர்ந்து தொடர வேண்டும் என்கிறது. ஒவ்வொரு திறனையும் செய்து காட்டி, லாக் புக் என்னும் பதிவேட்டில் கையொப்பம் பெற வேண்டும் என்றும் கூறுகிறது. வார்டில் அந்தக் குழு என்பது பெரும்பாலும் பி.ஜி.யும் பயிற்சி மருத்துவரும்தான். ஆனால் அந்த நான்கு வாரப் போஸ்டிங்கில் மாணவர் எதைக் கற்க வேண்டும் என்ற பட்டியலைப் பி.ஜி.யிடம் கொடுக்கும் வழக்கம் நானறிந்த துறைகளில் இருந்ததில்லை. அதனால் அவர் தமக்கு வரப்போகும் எம்.டி. தேர்வுக்கு என்ன படிக்கிறாரோ அதையே சொல்கிறார். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை எங்கே கட்டுவது என்றறியாத மாணவரிடம், அரிதினும் அரிதான ஒரு நோயின் மரபணு வகைகளைப் பற்றிப் பேசுகிறார். மாணவர்களும் தலையாட்டிவிட்டு, விடுதிக்குப் போய் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கான காணொளிகளில் மூழ்கிவிடுகிறார்கள். லாக் புக்கில் கையெழுத்துகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கும். போஸ்டிங்கின் கடைசி நாளில் முப்பது லாக் புக்குகளைப் பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டு முடித்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நோயாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மண்ணீரல் நோயாளி ஒரு மாலை ரவுண்ட்ஸில் என்னிடம் சொன்னது இது: “நித்தம் நித்தம் எல்லாரும் வந்து அமுக்கிட்டுப் போறாக ஐயா. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல.” கற்பிக்கும் மருத்துவமனைகளில் மாணவர்களுக்கு உடம்பைக் கொடுத்து உதவுபவர்கள் பெரும்பாலும் கூலிவேலை செய்யும் ஏழைகள். நோயாளியிடம் பேசும் முறையையும் நெறியையும் கற்றுத்தர இளநிலைப் பாடத்திட்டத்தில் இப்போது தனிப் பாடங்களே உள்ளன. வகுப்பறையில் அவை ஒழுங்காக நடக்கவும் கூடும். ஆனால் திரையை இழுத்துவிட்ட பிறகு போர்வையை விலக்குவதா, விலக்கிய பிறகு திரையைத் தேடுவதா என்பதை மாணவர் பி.ஜி.யைப் பார்த்துத்தான் பழகுகிறார். அவருக்கு மிக அருகில் நிற்பவர், வயதில் மிக அருகில் இருப்பவர், அவர் ஆக விரும்பும் ஆளாகவும் இருப்பவர் பி.ஜி.தான்.

ஏற்கெனவே ஒடிந்துபோயிருக்கும் பி.ஜி.க்களின் தலையில் இன்னொரு சுமையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பி.ஜி.க்களையும் உள்ளடக்கிய உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையும், வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் பொதுவாகத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே கூறியது. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்துத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாமல் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் லட்சியமே 48-லிருந்து 74-க்கு ஏறியிருக்கிறது என்றால் நடைமுறை எப்படி இருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் நான் புதிதாக எந்தச் சுமையையும் கேட்கவில்லை. பாடம் சொல்லும் வேலை அவர்மீது முன்பே இருக்கிறது. அதற்கு நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை, கணக்கும் இல்லை. இரவுப் பணி முடித்தவரை மறுநாள் காலை மாணவர்களுக்கு முன் நிறுத்தாமல், யூனிட்டில் உள்ள மற்றொரு பி.ஜி.யின் பெயரை அந்த வாரக் கற்பித்தல் பொறுப்புக்கு முன்கூட்டியே எழுதிவைத்து, பத்திலிருந்து பதினொன்று வரை அவரை ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் அனுப்பாமல் விட்டாலே அந்தச் சுமை குறையும். இதற்கு யூனிட் சீஃபின் ஒரு சொல் போதும்.

அமெரிக்காவில் எம்.டி. பட்டம் (அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் எல்.சி.எம்.இ. குழுவின் தரவிதிகளில் இது தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. மாணவர்களுக்குக் கற்பிக்கும், நம் பி.ஜி.க்களைப் போன்ற ரெசிடென்ட் மருத்துவர்கள் அந்தப் போஸ்டிங்கின் நோக்கங்களை அறிந்திருக்க வேண்டும், கற்பிக்கவும் மதிப்பிடவும் அவர்களைக் கல்லூரி தயார்செய்ய வேண்டும், அவர்கள் பயிற்சியில் கலந்துகொண்டார்களா என்பதைக் கல்லூரியே மையமாகக் கண்காணிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அங்கீகாரத்துக்கான ஆய்வில் கல்லூரி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்குள்ள எல்லாமே நமக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்கும் நிலை அங்கே இல்லை. ஆனால் இருபது பேர் நிற்கும் இடத்தில்தான் பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நான் முன்வைக்கும் ஏற்பாடு இதுதான். எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் சேர்ந்த முதல் மூன்று மாதங்களுக்குள், கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவு அவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்த வேண்டும். அதில் விரிவுரை பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. வார்டில் நடப்பதைப் போலவே நடித்தும் செய்தும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் போஸ்டிங்கில் மாணவர் கற்க வேண்டியவற்றை ஒரே தாளில் அச்சிட்டுப் பி.ஜி.யின் கையில் கொடுக்க வேண்டும். உதவிப் பேராசிரியர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் பி.ஜி. பாடம் சொல்வதைப் பத்து நிமிடம் ஓரமாக நின்று பார்த்து, தனியே அழைத்து, சரியாக இருந்தது எது, மாற்ற வேண்டியது எது என்று சொல்ல வேண்டும். இவற்றில் மிக முக்கியமானது இந்தக் கடைசி ஏற்பாடுதான், ஏனெனில் இரண்டு நாள் பயிற்சியை மட்டும் நடத்திவிட்டு விட்டுவிட்டால் அது இரண்டு மாதத்தில் கரைந்துவிடும். முதலாண்டு முடிந்ததும், ஓராண்டு அனுபவத்தோடு அவர்கள் மீண்டும் ஒரு நாள் கூடிப் பேசினால் நல்லது. எம்.டி. முடித்து சீனியர் ரெசிடென்ட்டாக வருபவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்கள்தான் அடுத்த ஆண்டு உதவிப் பேராசிரியர்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு கருத்தரங்கக் கூடமும், தேநீரும், அச்சிட்ட தாள்களும்தான். பயிற்றுநர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். விதிமுறையில் திருத்தம் வரட்டும் என்று டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆண்டுதோறும் முதுநிலை மாணவர் சேர்க்கை முடிந்ததும் மருத்துவக் கல்வி இயக்ககத்திலிருந்து டீன்களுக்குச் சுற்றறிக்கை போகிறது. விடுதி, சீருடை, ராகிங் தடுப்பு, ஆய்வேட்டுத் தலைப்பைப் பதிவு செய்ய வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். இயக்ககமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் கலந்துபேசி, வரும் ஆண்டின் சுற்றறிக்கையில் இதற்கென ஒரு பத்தியைச் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொது மருத்துவப் பேராசிரியர்,
தென்காசி.